கழுவாத தீனித்தட்டு

1943 ஜனவரியில், இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டுஷையரைச் சேர்ந்த பார்னெட் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் இருவர்: ஒரு வீட்டுக்காரப் பெண்மணி, அவருடைய பணிப்பெண். தோட்டத்துக்கு வந்த பறவைகளுக்கு ரொட்டி போட்டதுதான் குற்றம். பணிப்பெண் இரண்டு முறை ரொட்டியை வீசியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். விசாரிக்கப் போனவர்களிடம் அந்தப் பெண்மணி எதையும் மறைக்கவில்லை. தினமும் போடுவதாகவும், பறவைகள் பட்டினி கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தம்மால் முடியாது என்றும் சொன்னார். அவருக்கு 10 பவுண்டு அபராதம், வழக்குச் செலவு தனி. பணிப்பெண்ணுக்கு 5 ஷில்லிங். கோதுமை ஏற்றிவந்த கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கடலுக்குள் அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. உணவை வீணாக்குவதைச் சட்டம் தண்டித்தது.

அந்த வழக்கில் ரொட்டியைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அது மனிதருக்கு உரியதா, பறவைக்கும் உண்டா என்பதே கேள்வி. தின்னவரும் பறவைக்கு இரை வைக்கும் தட்டாலேயே கேடு வரலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள பிரிட்டனுக்கு இன்னும் 60 ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது. அதற்குள் அங்கே வீட்டுக்கு வீடு தீனித்தட்டு தொங்கத் தொடங்கியிருந்தது. லட்சக்கணக்கான குருவிகள் செத்துப்போன பிறகுதான் கழுவும் பிரஷ் அந்தப் பழக்கத்தின் பிரிக்க முடியாத பாகம் என்று உறைத்தது.

பறவைக்கு இரை வைப்பது பிரிட்டனில் ஆதிகாலத்து வழக்கம் என்று எண்ண வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சிறு பறவை அங்கே கூண்டில் அடைக்கும் பொருளாகவோ தட்டில் வைக்கும் பண்டமாகவோதான் இருந்தது. வானம்பாடிகளைச் சந்தையில் கட்டுக்கட்டாக விற்றார்கள். தானியத்தைத் தின்னும் சிட்டுக்குருவிகளைக் கொல்வதற்கென்றே கிராமங்களில் சங்கங்கள் இருந்தன. கொன்று கொண்டுவரும் குருவிகளைக் கணக்கிட்டுக் காசு கொடுத்தார்கள். அத்தகைய காலத்தில், 1820களிலேயே, ஷ்ராப்ஷையரின் வெஸ்ட் ஃபெல்டன் கிராமத்தில் ஜான் ஃப்ரீமன் டோவஸ்டன் என்ற கவிஞர் தம் வீட்டுச் சன்னலுக்கு வெளியே பறவைகளுக்கென ஒரு தீனித் தொட்டியை அமைத்து, எந்தெந்த இனங்கள் வருகின்றன என்று குறித்துவைத்தார். மரச்செதுக்கு ஓவியங்களால் புகழ்பெற்ற தாமஸ் பியூவிக்கின் நண்பர் அவர். அன்றைக்கு அது ஒரு தனி மனிதரின் ஆர்வம், அவ்வளவுதான்.

ஊரே இறங்கியது 1890–91 குளிர்காலத்தில். அந்த ஆண்டு உறைபனி வாரக்கணக்கில் விலகவில்லை. மண் கல்லாகிப் போனது, குளங்கள் இறுகின. பறவைகளுக்கு எதையாவது வெளியே வையுங்கள் என்று தேசிய நாளிதழ்கள் வாசகர்களைக் கேட்டுக்கொண்டன. லண்டனில் குளிருக்குத் தப்பித் தேம்ஸ் நதியோடு உள்ளே வந்த கடற்காகங்கள் பாலங்களைச் சுற்றி வட்டமிட்டன. டபிள்யூ.எச். ஹட்சன் 1898இல் வெளியிட்ட ‘லண்டன் பறவைகள்’ நூலில் அந்தப் பத்தாண்டின் காட்சி ஒன்று பதிவாகியிருக்கிறது: மதிய உணவு இடைவேளையில் தொழிலாளிகளும் சிறுவர்களும் நூற்றுக்கணக்கில் பாலத்துக்கு வந்து, தங்கள் சாப்பாட்டில் மிஞ்சியதை அந்தப் பறவைகளுக்குப் போடுவார்களாம். வயிறாரச் சாப்பிட வசதியில்லாதவர்கள் பகிர்ந்த சாப்பாடு அது. பறவைக்கு இரை வைக்கும் வரலாற்றை மாளிகைத் தோட்டங்களின் கதையாக மட்டும் எழுதுகிறவர்கள் இந்த மனிதர்களை விட்டுவிடுகிறார்கள்.

அதே காலத்தில்தான் 1889இல் மான்செஸ்டருக்கு அருகே டிட்ஸ்பரியில் எமிலி வில்லியம்சன் என்பவர், தொப்பிகளுக்காகப் பறவைகளைக் கொன்று இறகு பறிப்பதை எதிர்த்துப் பெண்களைத் திரட்டினார். அந்த இயக்கம் வளர்ந்து, 1904இல் அரச சாசனம் பெற்று, இன்றைய ராயல் பறவைகள் பாதுகாப்புச் சங்கமாக நிற்கிறது. 1910 வாக்கில் பறவைகளுக்கு இரை வைப்பதைத் தேசியப் பொழுதுபோக்கு என்றே ‘பஞ்ச்’ இதழ் சொல்லிவிட்டது.

ஜெர்மனியில் இது முறைப்படியான தொழில்நுட்பமாகவே வளர்ந்தது. துரிங்கியாவின் ஸேபாஹ் கோட்டையில் வாழ்ந்த ஹான்ஸ் ஃபான் பெர்லெப்ஷ் என்ற பிரபு, உருக்கிய கொழுப்பில் விதைகளைக் கலந்து ஊசியிலை மரக் கிளைகளின்மேல் ஊற்றி ‘தீனி மரம்’ செய்தார். பனியும் மழையும் தொடாதபடி கூரை போட்ட தீனிக்கூடுகளை வடிவமைத்தார். அவருடைய முறைகளை விளக்கும் நூல் ஆங்கிலத்திலும் வந்து பிரிட்டன் தோட்டங்களை எட்டியது. அவருடைய கவலையெல்லாம் தீனி நனையக் கூடாது, பனி மூடக் கூடாது என்பது. காய்ந்த தீனியில் நோய் பரவுவது குறைவு என்பதை அறியாமலே ஒரு நல்ல காரியத்தைச் செய்திருந்தார்.

போருக்குப் பிந்தைய திருப்புமுனையும் குளிர்காலத்தால்தான் வந்தது. 1962 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வாக்கில் இறங்கிய பனி மார்ச் தொடக்கம் வரை நீங்கவில்லை. 1740க்குப் பிறகு இங்கிலாந்து கண்ட மிகக் குளிர்ந்த பருவம் அது. சிறு பறவைகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அதுவரை ரொட்டித் துணுக்கும் இறைச்சிக் கொழுப்பும் போட்டுவந்த வீடுகள் கடைச் சரக்குக்கு மாறத் தொடங்கின. அந்தக் கடைச் சரக்கில் முதலிடம் நிலக்கடலைக்கு. சிவப்பு வலைப்பையில் கட்டிய நிலக்கடலை பிரிட்டன் தோட்டங்களின் அடையாளமே ஆனது.

நிலக்கடலை வந்த சமயத்தில் அதன் ஆபத்தும் பத்திரிகையில் அடிபட்டுக்கொண்டிருந்தது. 1960இல் இங்கிலாந்தின் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. என்ன நோய் என்று புரியாததால் ‘டர்க்கி எக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். தேடிப் பார்த்தபோது எல்லாப் பண்ணைகளையும் இணைத்த சங்கதி பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு என்று தெரிந்தது. அதில் வளர்ந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை உமிழும் நஞ்சு ஈரலைக் கெடுக்கிறது. அஃப்ளாடாக்சின் என்ற சொல்லை உலகம் கற்றுக்கொண்டது அந்த வான்கோழிகளால்தான். ஈரம் பட்ட கடலையில் பூசணம் பூப்பது நம் ஊர்க் கடலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. பூசணம் கண்ணுக்குத் தெரியாத கடலையிலும் நஞ்சு இருக்கலாம் என்பது அன்று புதுச் செய்தி. பிறகு பறவைக் கடலையையும் அஃப்ளாடாக்சின் சோதனைக்கு உட்படுத்தி விற்கும் வழக்கம் பிரிட்டனில் வந்தது. தோட்டப் பறவைத் தீனியின் பாதுகாப்பு என்ற எண்ணத்துக்கு முதல் வேர் அங்கேதான். ஆனாலும் அந்தக் கவலை மூட்டையோடு நின்றுவிட்டது. மூட்டையிலிருந்து எடுத்த கடலை எந்தத் தட்டில், எத்தனை நாள், யார் யார் எச்சிலோடு கிடக்கிறது என்று கேட்க ஆள் இல்லை.

சிவப்பு வலைப்பையும் பிறகு கைவிடப்பட்டது. பறவைகளின் காலும் நாக்கும் அந்த நூலில் சிக்கிக்கொண்டன. கம்பி வலை அதன் இடத்துக்கு வந்தது. அட்லான்டிக்கின் அந்தப் பக்கம், அமெரிக்காவின் ரோட் தீவில், பீட்டர் கில்ஹம் என்பவர் 1969இல் நீளமான ஒளிபுகும் குழாயில் துளைகளும் உட்காரும் குச்சிகளும் வைத்து ஒரு தீனிக்குழாய் செய்தார். ‘ட்ரோல் யாங்கீஸ்’ என்ற அவருடைய நிறுவனத்தின் அந்த வடிவம் உலகெங்கும் நகலெடுக்கப்பட்டது. எந்த விதையைப் பறவைகள் உண்மையில் விரும்புகின்றன என்று அமெரிக்க அரசின் வனவிலங்குத் துறையைச் சேர்ந்த ஏல்ரெட் கைஸ் சோதித்துப் பார்த்து 1980இல் வெளியிட்ட முடிவு, எண்ணெய்ச் சத்து மிகுந்த கறுப்புச் சூரியகாந்தி விதையைக் கடைகளின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தது.

இந்தச் சரக்குப் பட்டியலில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. நாம் பேயெள் என்றும் காட்டெள் என்றும் சொல்லும் சின்னக் கறுப்பு விதை, மேற்கே ‘நைஜர்’ என்ற பெயரில் போகிறது. இந்தியாவிலும் எத்தியோப்பியாவிலும் மியான்மரிலும் விளைந்து கப்பலேறும் அந்த விதை மெல்லிய அலகு கொண்ட கோல்டுஃபின்ச் குருவிகளுக்கு மிகவும் பிடிக்கும். மானாவாரி நிலத்தில் எண்ணெய்க்காக விதைக்கும் பயிர், முகம் தெரியாத ஊரில் குருவியைத் தோட்டத்துக்கு அழைக்கிறது.

அழைத்ததற்கு ஆதாரமும் இருக்கிறது. பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளை 1970 குளிர்காலத்திலிருந்து தோட்டத் தீனியை நாடும் பறவைகளைத் தன்னார்வலர்கள் மூலம் வாரந்தோறும் கணக்கெடுத்து வருகிறது. அந்த 40 ஆண்டுத் தரவுகளை வைத்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, 1970களின் தொடக்கத்தில் 8 சதவீதத் தோட்டத் தீனித்தட்டுகளில் மட்டுமே காணப்பட்ட கோல்டுஃபின்ச், 2012 வாக்கில் 87 சதவீதத் தட்டுகளுக்கு வந்துபோனதாகக் காட்டியது. பிரிட்டனின் பறவை இனங்களில் பாதிக்கு மேற்பட்டவை இன்று தோட்டத் தீனியைத் தொட்டுப் பார்க்கின்றன. ராயல் பறவைகள் பாதுகாப்புச் சங்கம் 1979இல் குழந்தைகளுக்காகத் தொடங்கிய தோட்டப் பறவைக் கணக்கெடுப்பில் இப்போது ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொள்கிறார்கள். பறவைத் தீனிக்காக அந்த நாடு ஆண்டுதோறும் செலவிடுவது 20 கோடி பவுண்டுக்கும் மேல். இவ்வளவு பேர், இவ்வளவு அன்போடு, ஒரு காட்டுயிருக்குச் செலவழிப்பதை உலகில் வேறு இடங்களில் அதிகம் காண முடியாது. அந்த அன்பைக் குறைத்துப் பேசுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஆனால் அன்பு ஒரு கூட்டத்தை உருவாக்கியது. அங்கேதான் சிக்கல்.

காட்டில் ஒரு குருவி விதையைத் தேடிச் செடி செடியாக அலைகிறது. ஒரே செடியில் ஒரே நாளில் ஐம்பது குருவிகள் அலகு வைப்பது அபூர்வம். தீனித்தட்டு அந்தத் தூரத்தை அழித்துவிடுகிறது. நம் வீட்டு மதில்மேல் காக்கைக்கு வைக்கும் பிடிச்சோறு சில நிமிடங்களில் தீர்ந்துபோகும், மிச்சம் கிடக்காது. கிலோ கணக்கில் நிரப்பிய குழாயோ நாள் கணக்கில் தொங்குகிறது. காலையில் புறா தின்ற தட்டில் பத்து மணிக்கு ஃபின்ச், மத்தியானம் சிட்டுக்குருவி, சாயங்காலம் மறுபடி புறா. எச்சமும் எச்சிலும் மழையும் ஒன்றாகச் சேர்ந்து தட்டின் மூலையில் தேங்குகின்றன. பக்கத்துத் தோட்டத்துக் கூட்டமும் வந்து சேர்கிறது.

எச்சரிக்கை மணி பல ஆண்டுகளுக்கு முன்பே அடித்திருந்தது. 1960களில் பிரிட்டனில் தோட்டப் பறவைகள் சால்மொனெல்லா நோயால் இறந்ததைக் கால்நடை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். குளிர்காலத்தில் தட்டையான தீனி மேசைகளில் கூட்டம் நெருங்கும்போது எச்சத்தின் வழியே அது பரவியது. கிரீன்ஃபின்ச் என்ற குருவியும் சிட்டுக்குருவியும் அதிகம் மாட்டின. அதே வகைக் கிருமி பூனைகளையும் மனிதர்களையும் தொற்றியது என்பது பின்னர் உறுதியானது.

அதைவிட உரத்த மணி அமெரிக்காவில் ஒலித்தது. மேற்குக் கரையைச் சேர்ந்த ஹவுஸ் ஃபின்ச் என்ற செந்நெஞ்சுக் குருவியை நியூயார்க் கடைகளில் ‘ஹாலிவுட் ஃபின்ச்’ என்று பெயர் சூட்டிக் கூண்டில் விற்றுவந்தார்கள். காட்டுப் பறவையை விற்பது சட்ட விரோதம் என்று அதிகாரிகள் நெருக்கியபோது, 1940 வாக்கில் வியாபாரிகள் லாங் தீவில் அவற்றைத் திறந்துவிட்டுக் கைகழுவினார்கள். அந்தச் சில குருவிகளின் வம்சம் அரை நூற்றாண்டில் கிழக்கு அமெரிக்கா முழுக்கப் பரவியது. தீனித்தட்டுகள் அதற்குப் பெருந்துணை. 1994 தொடக்கத்தில் வாஷிங்டன் நகரைச் சுற்றியுள்ள வீடுகளில், கண்கள் வீங்கி, ஒட்டிக்கொண்டு, பார்வை இழந்து தீனிக்குழாயிலேயே உட்கார்ந்திருக்கும் குருவிகளை மக்கள் பார்த்தார்கள். கோழிப் பண்ணைகளில் அறியப்பட்ட மைக்கோபிளாஸ்மா கேலிசெப்டிகம் என்ற கிருமி காட்டுக் குருவிக்குத் தாவியிருந்தது. கார்னெல் பறவையியல் ஆய்வகம் அதே ஆண்டு பொதுமக்களைக் கொண்டே நோய்க் கணக்கெடுப்பைத் தொடங்கியது. நோய் சில ஆண்டுகளில் கிழக்குப் பகுதி முழுவதையும் கடந்தது. பல இடங்களில் குருவிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. தீனிக்குழாயின் குறுகலான துளைக்குள் தலையை நுழைக்கும்போது நோயுற்ற கண் விளிம்பில் உரசுகிறது, அடுத்து வரும் குருவியின் கண்ணும் அதே விளிம்பில் உரசுகிறது. கிருமி பட்ட குழாய் வழியாகவே நோய் தொற்றுவதைப் பின்னர் சோதனையிலும் காட்டினார்கள். தீனிக் கருவியே நோய் கடத்தி ஆக முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அந்தப் பாடம் கடல் தாண்டிப் பிரிட்டன் வீடுகளுக்குப் போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்தது.

2005இல் பிரிட்டனில் தோட்டப் பறவை நோய்களை முறையாகக் கண்காணிக்கும் திட்டம் அப்போதுதான் கால் ஊன்றியிருந்தது. லண்டன் விலங்கியல் சங்கத்தின் கால்நடை மருத்துவர்களும், பறவையியல் அறக்கட்டளையும், ராயல் பறவைகள் பாதுகாப்புச் சங்கமும் கைகோத்திருந்தன. மக்கள் தோட்டத்தில் செத்துக் கிடந்த பறவைகளைப் பற்றி எழுதினார்கள், சடலங்களை அனுப்பினார்கள். அந்த ஆண்டில் மருத்துவர்களின் மேசைக்கு வந்த கிரீன்ஃபின்ச்களின் தொண்டையில் பாலாடை போன்ற மஞ்சள் படலம் அடைத்திருந்தது. காரணம் டிரைக்கோமோனாஸ் கேலினே என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி.

அது புது உயிர் இல்லை. புறா வளர்ப்பவர்களுக்கும், புறாவைத் தின்னக் கொடுத்து வல்லூறு பழக்குபவர்களுக்கும் அந்தத் தொண்டை நோய் பல நூற்றாண்டுகளாகத் தெரியும். புறாக்களில் பல அதை வாயில் சுமந்தும் நலமாகவே இருக்கும். ஃபின்ச் இனத்தில் அது கொள்ளை நோயாகப் பரவியதுதான் புதிது. புறாவும் ஃபின்ச்சும் ஒரே தட்டில் தின்பது, ஒரே தொட்டியில் குடிப்பது என்ற தோட்டத்து ஏற்பாடு அந்தத் தாவலுக்கு வழி வகுத்திருக்கலாம் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

நோயுற்ற கிரீன்ஃபின்ச்சை அடையாளம் காண்பது எளிது, பார்ப்பதுதான் கடினம். இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்துபோல் உட்கார்ந்திருக்கும். ஆள் நெருங்கினாலும் பறக்காது. பசி இருக்கும், அதனால் தட்டை விட்டு அகலாது. விதையை அலகில் எடுத்து உருட்டும், விழுங்க முடியாமல் எச்சிலோடு துப்பிவிடும். துப்பிய விதை தட்டிலேயே கிடக்கும். அடுத்து வரும் குருவி அதைப் பொறுக்கும். சுற்றிலும் தீனி குவிந்திருக்க, அந்தப் பறவை மெலிந்து பட்டினியால் சாகும்.

2006இன் கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் நோய் வெடித்தது. நடு இங்கிலாந்தும் மேற்கும்தான் அதிகம் அடிபட்டன. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒரே ஆண்டுக்குள் இனப்பெருக்கம் செய்யும் கிரீன்ஃபின்ச்கள் 35 சதவீதமும், சாஃபின்ச்கள் 21 சதவீதமும் குறைந்ததாக 2010இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. செத்தவை ஐந்து லட்சத்துக்கும் மேல். பிரிட்டனில் சுமார் 43 லட்சமாக இருந்த கிரீன்ஃபின்ச் எண்ணிக்கை 2009 வாக்கில் 28 லட்சமாகச் சரிந்தது. நோய் தீவுக்குள் நிற்கவும் இல்லை. பிரிட்டனில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே திரும்பும் சாஃபின்ச்கள் அதை எடுத்துச் சென்றிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது; 2008இல் ஸ்வீடன், நார்வே, ஃபின்லாந்து நாடுகளில் அதே ஒட்டுண்ணி அதே இனங்களைக் கொல்லத் தொடங்கியது.

2021 டிசம்பரில் பிரிட்டனின் பறவைகள் நிலை அறிக்கை வந்தபோது கிரீன்ஃபின்ச் பச்சைப் பட்டியலிலிருந்து நேராகச் சிவப்புப் பட்டியலுக்குப் போயிருந்தது. 1993க்குப் பிறகு 62 சதவீத வீழ்ச்சி. வயல் பூச்சிமருந்தோ காடழிப்போ வேட்டையோ இதில் முதல் குற்றவாளி இல்லை. மனிதர்கள் விரும்பி அழைத்து விருந்து வைத்த இடத்தில் பரவிய நோய் அது. பறவைப் பாதுகாப்பின் வரலாற்றில் இவ்வளவு வேதனையான ஒரு பக்கம் குறைவு.

இந்த ஒட்டுண்ணியின் பலவீனத்தைத் தெரிந்துகொண்டால் பிரஷ் ஏன் முக்கியம் என்பது விளங்கும். கடினமான ஓட்டுக்குள் தன்னைப் பூட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் கிருமிகள் உண்டு. டிரைக்கோமோனாஸ் அப்படி ஓடு கட்டாது. ஈரமான தானியத்திலும் தண்ணீரிலும் சிறிது காலம் தாங்கும். முழுக்கக் காய்ந்தால் செத்துவிடும். எனவே கழுவுவதில் பாதி வேலைதான் முடிகிறது. மீதி வேலையை வெயிலும் காற்றும் செய்கின்றன. கழுவிய தட்டை ஈரத்தோடு மறுபடி நிரப்பினால் பட்ட பாடு வீண். எச்சம் வழியே பரவும் சால்மொனெல்லாவுக்கோ தேய்த்தெடுப்பதே முதல் மருந்து. அழுக்கு ஒட்டியிருக்கும் பரப்பில் கிருமிநாசினி ஊற்றுவதால் பயன் குறைவு.

அதனால்தான் பிரிட்டனில் வழிகாட்டுதல் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. தொடக்கத்தில் ‘அவ்வப்போது சுத்தம் செய்யுங்கள்’ என்று இருந்தது. பிறகு வாரம் ஒருமுறையாவது என்று ஆனது. பழைய தீனியைக் கொட்டிவிட்டு, தட்டைப் பிரித்து, தோட்டத்துக்கென்றே தனியாக வைத்த பிரஷ்ஷால் வெந்நீரில் தேய்த்து, பறவைகளுக்குத் தீங்கு செய்யாத கிருமிநாசினியில் ஊறவைத்து, நன்றாக அலசி, முற்றும் காயவிட வேண்டும். கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். வேலையைச் சமையலறைத் தொட்டியில் செய்யக் கூடாது. அமெரிக்காவில் ஒன்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச் என்ற கணக்கு புழங்குகிறது. குடிக்கும் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். பறவைக் குளியல் தொட்டியைத் தினமும் காலி செய்து காயவைப்பது நல்லது. ஓரிரு நாளில் தீரும் அளவுக்கு மட்டும் தீனி வைக்க வேண்டும். கீழே சிந்தியதைப் பெருக்க வேண்டும். தட்டு தொங்கும் இடத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அடியில் உள்ள மண்ணே எச்சத்தால் நிறைந்துவிடும்.

கருவிகளும் மாறின. பழைய மர மேசைகளின் வெடிப்புகளுக்குள் எந்த பிரஷ்ஷும் போகாது. அடிப்பாகத்தைக் கழற்றி உள்ளே முழுதும் தேய்க்கக்கூடிய குழாய்கள் சந்தைக்கு வந்தன. தட்டையான மேசை மெல்ல மெல்லச் சந்தேகத்துக்கு உள்ளானது. அதில் பறவை தீனியின் மேலேயே நிற்கிறது, அதிலேயே எச்சமிடுகிறது, துப்பியதும் அங்கேயே தங்குகிறது. 2025இல் ராயல் பறவைகள் பாதுகாப்புச் சங்கம் தன் கடைகளில் தட்டையான தீனி மேசைகளின் விற்பனையை நிறுத்திவைத்தது. தலைமுறைகளாக இத்தகைய மேசைகளை விற்றும் பரிந்துரைத்தும் வந்த சங்கம் அது. தன் வருமானத்தையும் தன் பழைய அறிவுரையையும் ஒருசேர ஓரம் வைத்த அந்த முடிவைப் பாராட்டத்தான் வேண்டும்.

தீனி வைப்பதையே நிறுத்திவிட்டால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. நோய் மூண்ட நேரத்தில் பதில், ‘ஆம், நிறுத்துங்கள்’ என்பதே. 2021 குளிர்காலத்தின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு பைன் சிஸ்கின் என்ற சின்னக் குருவிகள் வழக்கத்தைவிடப் பெருங்கூட்டமாக வந்திறங்கின. தீனித்தட்டுகளில் சால்மொனெல்லா பரவியது. கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாநில அதிகாரிகள் தட்டுகளை இறக்கச் சொன்னார்கள். அந்த வசந்தத்தில் 12 மாநிலங்களில் 29 பேர் அதே கிருமியால் நோயுற்றதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. மற்ற நேரங்களில் பதில் அவ்வளவு எளிதில்லை. கடுங்குளிரில் தீனி உண்மையிலேயே உயிர் காக்கிறது. கோல்டுஃபின்ச்சின் எழுச்சியும் பொய்யில்லை. கோடையிலும் இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலும்தான் டிரைக்கோமோனாஸ் அதிகம் கொல்கிறது; அந்த மாதங்களில் இயற்கையிலேயே விதையும் பூச்சியும் கிடைக்கின்றன. எனவே குளிரில் வை, கோடையில் குறை என்ற வாதம் வலுத்துவருகிறது. ஆண்டு முழுவதும் வையுங்கள் என்று சில பத்தாண்டுகளாகக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதை ஏற்பது சிரமம்தான். ஆனாலும் நோய்க் கணக்குகள் காட்டும் திசை அதுவே.

நோயுற்ற ஒரு பறவையைத் தோட்டத்தில் கண்டால் என்ன செய்வது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. தீனித்தட்டையும் தண்ணீர்த் தொட்டியையும் உடனே இறக்க வேண்டும், சுத்தம் செய்ய வேண்டும், குறைந்தது இரண்டு வாரமாவது வெறுமையாக விட வேண்டும். கூட்டம் கலைந்து, குருவிகள் மறுபடி செடி செடியாக அலையப் போய்விடும். இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு: ஒரு வீட்டுத் தட்டு இறங்கினால் அந்தக் கூட்டம் வேலி தாண்டி அடுத்த வீட்டுத் தட்டுக்குப் போகும். அதனால் கால்நடை மருத்துவர்கள் பிரிட்டன் வீட்டுக்காரர்களிடம் இப்போது கூடுதலாக ஒன்றையும் கேட்கிறார்கள்: தட்டை இறக்கியதும் இரு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டி, அவர்களையும் இறக்கச் சொல்லுங்கள்.